சாரிட்டி கடையின் கீழ்த்தட்டு

பிரிட்டனில் இருந்துகொண்டு மேற்கத்திய செவ்விசையை உட்கார்ந்து கேட்டுப் பழக ஆசைப்படுகிறவர் யாராவது என்னிடம் வழி கேட்டால், பக்கத்துக் கடைத்தெருவில் இருக்கும் சாரிட்டி கடைக்குப் போய் முட்டி போட்டு உட்காரச் சொல்வேன். கண் மட்டத்தில் டிவிடி இருக்கும். அதற்குக் கீழே பாப் பாடகர்கள். தரையை ஒட்டிய கடைசித் தட்டில்தான் பாக், ஹேடன், பிராம்ஸ் எல்லோரும் இருப்பார்கள். நான் வீட்டில் கேட்கும் இசையில் பெரும்பகுதி அந்தக் கீழ்த்தட்டிலிருந்து வந்தது. ஒரு கடையைப் பற்றி மட்டும் எழுதினால் அந்த ஊர்க்காரருக்கு மட்டும்தான் பயன்படும் என்பதால், இந்த வகைக் கடைகள் அத்தனைக்கும் சேர்த்து ஒரு விமர்சனம் எழுதுகிறேன்.

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆக்ஸ்ஃபாம், பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன், கேன்சர் ரிசர்ச் யு.கே., சூ ரைடர், பர்னார்டோஸ், அந்தந்த ஊரின் ஹாஸ்பிஸ் (கடைசிக் கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லம்) என்று ஒவ்வொரு தொண்டு அமைப்புக்கும் கடைத்தெருவில் ஒரு கடை இருக்கும். மக்கள் கொண்டுவந்து கொடுக்கும் துணிமணி, புத்தகம், பாத்திரம், இசைத்தட்டு எல்லாம் அங்கே விலைக்கு வரும். பணம் அந்த அமைப்புக்குப் போகும். ஆக்ஸ்ஃபாமின் நிரந்தரக் கடை ஆக்ஸ்ஃபர்டு பிராட் ஸ்ட்ரீட்டில் 1947 டிசம்பரில் தொடங்கியது. இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. நன்கொடையாக வந்த பொருளை விற்றால் வாட் வரி கிடையாது. கட்டடத்துக்கான வணிக வரியிலும் இங்கிலாந்தில் 80 சதவீதம் தள்ளுபடி. கல்லாவில் நிற்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். ஒரு சிடியை ஒரு பவுண்டுக்குக் கொடுக்க முடிவது இதனால்தான். எல்பி (ஊசி வைத்து ஓட்டும் பெரிய கறுப்புத் தட்டு) என்றால் இரண்டிலிருந்து நான்கு பவுண்டு. ஐம்பது பென்ஸ் கூடை வைத்திருக்கும் கடைகளும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் கையைக் கடிக்காது.

ஆனால் சல்லிசாகக் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் நான் இந்தக் கடைகளைச் சிபாரிசு செய்யவில்லை. புது சிடி கடையில் ஒரு நிறுவனத்தின் பட்டியல் இருக்கும். சாரிட்டி கடையில் ஒரு மனிதரின் காது இருக்கும்.

அது எப்படி என்று சொல்கிறேன். முப்பது நாற்பது வருடம் பார்த்துப் பார்த்து இசைத்தட்டு சேர்த்த ஒருவர் இறந்துபோகிறார், அல்லது முதியோர் இல்லத்துக்குப் போகிறார். பிள்ளைகளுக்குப் பாட்டெல்லாம் போனில். வீட்டைக் காலி செய்யும்போது ஏழெட்டு அட்டைப்பெட்டி ஒரே நாளில் கடை வாசலில் வந்து இறங்குகிறது. அடுத்த சில வாரங்களுக்கு அந்தக் கடையின் கீழ்த்தட்டு முழுக்க அந்த ஒருவருடைய ரசனைதான். நான்கு நரம்பு வாத்தியங்கள் மட்டும் சேர்ந்து வாசிக்கும் ஹேடனின் நால்வர் இசை பெட்டி பெட்டியாக இருந்து பீத்தோவன் சிம்பொனி ஒன்றுகூட இல்லையென்றால், பெரிய வாத்தியக் கூட்டத்தின் ஆரவாரம் அவருக்குப் பிடித்திருக்காது என்று புரியும். ஒரே படைப்பை ஐந்து கலைஞர்கள் வாசித்த ஐந்து தட்டு இருந்தால், அவர் அதோடு வாழ்ந்திருக்கிறார். இப்படி ஒரு வரிசை கண்ணில் பட்டால் ஒன்றை மட்டும் உருவிக்கொண்டு வராதீர்கள். நிதானமாக எல்லா உறையின் முதுகையும் படியுங்கள். அந்தப் பெயர் தெரியாத மனிதர் உங்களுக்கு ஒரு பாடத்திட்டமே போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

என்னிடம் இருப்பதிலேயே நான் பொத்திப் பாதுகாக்கும் ஒன்று அப்படி வந்ததுதான். ஷூபர்ட்டின் ‘வின்டர்ரைசே’. 1827இல் வில்ஹெல்ம் முல்லரின் கவிதைகளுக்கு அவர் இசையமைத்த 24 பாடல்கள். டீட்ரிச் ஃபிஷர்-டீஸ்காவ் பாட, ஜெரால்ட் மூர் பியானோ வாசித்த 1971ஆம் வருடத்துப் பதிவு, டாய்ச்சே கிராமபோனின் மஞ்சள் லேபிள். உள்ளே இருந்த பாட்டுத்தாளில் ஒவ்வொரு ஜெர்மன் வரிக்கு மேலும் பென்சிலால் பொடி எழுத்தில் ஆங்கில அர்த்தம். அச்சிட்ட மொழிபெயர்ப்பு எதிர்ப்பக்கத்திலேயே இருக்கிறது. அது போதாமல், எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் என்று தானே அகராதி பார்த்து எழுதியிருக்கிறார். முதல் ஐந்தாறு பாட்டுக்கு எல்லாச் சொல்லுக்கும் அர்த்தம் உண்டு. நடுவில் வர வர குறைகிறது. கடைசிப் பாட்டில், ஊருக்கு வெளியே பனிக்கட்டிமேல் வெறுங்காலோடு கைச்சுழல் வாத்தியம் வாசிக்கும் அந்தக் கிழவனின் பாட்டில், ஒரே ஒரு சொல்லுக்கு மேல்தான் பென்சில் இருக்கிறது. அந்தப் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டே ஒருவர் ஜெர்மன் படித்திருக்கிறார். பாட்டு நோட்டில் சாகித்யத்துக்கு மேலே ஸ்வரம் எழுதிப் பழகிய கை எனக்கு. அந்தத் தாளைப் பார்த்தபோது நெருங்கின சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. தட்டு மூன்று பவுண்டு.

இந்த மாதிரி விஷயம் எல்லாக் கடையிலும் தப்பிப் பிழைக்காது. எனவே கடைகளைப் பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

என் வரிசையில் முதல் இடம் ஊர் ஹாஸ்பிஸ் நடத்தும் சின்னக் கடைகளுக்கு. தேசிய அளவில் கிளை வைத்த அமைப்புகள் பல, நல்ல சரக்கைத் தனியே எடுத்து இணையத்தில் விற்கின்றன. அதில் தப்பில்லை, பணம் நோயாளிக்கும் பசித்தவருக்கும்தான் போகிறது. ஆனால் கீழ்த்தட்டுக்கு வருவது சலித்த பிறகு மிஞ்சியதாகிவிடுகிறது. ஹாஸ்பிஸ் கடையில் பெட்டி வந்தபடியே தட்டுக்கு வரும். அதைவிட முக்கியம், பல ஹாஸ்பிஸ் கடைகளில் இசைத்தட்டு என்று ஒருவர் பொறுப்பாக இருப்பார். நான் அடிக்கடி போகும் கடையில் அப்படி ஒருவர் இருக்கிறார். பள்ளியில் இசை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். இசையமைப்பாளர் பெயர்ப்படி அடுக்குவார். பெட்டிக்குள் தட்டு எண்ணிக்கை சரியா என்று பார்த்துவிட்டுத்தான் விலைச்சீட்டு ஒட்டுவார். ஒரு நாள் நான் குனிந்து தேடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டார். “அந்த ஓரத்துல இருக்கறது எல்லாம் ஒரே வீட்டிலிருந்து வந்தது. கலைக்க மனசு வரல, அதான் சேர்த்தே வச்சிருக்கேன். மெதுவா பாருங்க” என்றார். வரிசை முழுக்கத் தேவாலய இசை. நடுவில், கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜ் பாடகர் குழு டேவிட் வில்காக்ஸ் தலைமையில் 1963இல் பதிவு செய்த அல்லேக்ரியின் ‘மிசெரேரே’. ஒரு சிறுவனின் குரல் எட்டாத உயரத்துக்குப் போய் நின்று இறங்குமே, அதுதான். அவர் அதைக் கலைத்துப் போட்டிருந்தால் கிறிஸ்துமஸ் பாட்டுக் கூடைக்குள் போய்ச் சேர்ந்திருக்கும்.

இரண்டாவது, ஆக்ஸ்ஃபாமின் புத்தக, இசைக் கடைகள். ஆக்ஸ்ஃபர்டு செயின்ட் கைல்ஸிலும் லண்டன் மேரிலபோன் ஹை ஸ்ட்ரீட்டிலும் இருப்பவை புத்தகக் கடைகள்; கிளாஸ்கோ பயர்ஸ் ரோட்டில் இசைக்கென்றே ஒரு கடை இருக்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் விலை போடுகிறார்கள், எனவே அடிமாட்டு விலைக்கு அபூர்வத் தட்டு கிடைக்கும் என்று கனவு காண வேண்டாம். ஆனால் தட்டு சுத்தமாக இருக்கும், கீறல் இருந்தால் எழுதி ஒட்டியிருப்பார்கள். ஒரு குறிப்பிட்ட பதிவைத் தேடுகிறவர் இங்கேதான் போக வேண்டும். எதைத் தேடுவது என்றே தெரியாத நிலையில் இருப்பவருக்கு ஹாஸ்பிஸ் கடை.

கடைசி இடம், துணிக்கே முக்கியத்துவம் கொடுத்து இசைத்தட்டை இடத்தை அடைக்கும் சனியனாக நடத்தும் கடைகளுக்கு. பெயர் வேண்டாம். அப்படி ஒன்றில் வாக்னரின் நான்கு ஓபரா (இசை நாடகம்) கொண்ட ‘ரிங்’ வரிசையின் ஒரு பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த எல்பிகளை ஒவ்வொன்றாக வெள்ளை உறையில் போட்டு ஒரு பவுண்டு என்று வைத்திருந்தார்கள். சர் ஜார்ஜ் ஷோல்ட்டி நடத்தி, டெக்காவுக்காக ஜான் கல்ஷா தயாரித்து, வியன்னாவில் 1958இல் தொடங்கி 1965இல் முடித்த பதிவு அது. நான்கு ஓபராவும் சேர்ந்து 19 எல்பி. நான் போனபோது அந்த நான்கில் ஒன்றான ‘டி வால்க்யூர’வின் நடுவிலிருந்து இரண்டு தட்டு ஏற்கெனவே விற்றுப்போயிருந்தன. பாட்டுப் புத்தகம் எங்கே என்று கேட்டேன். அது வெறும் தாள்தானே, மறுசுழற்சிக்குப் போட்டுவிட்டோம் என்றார்கள். ஏழு வருட உழைப்பில் உருவான ஒரு பொருளை, யாரோ ஒருவர் ஐம்பது வருடம் மூலை மடங்காமல் வைத்திருந்ததை, ஒரே மதியத்தில் யாருக்கும் உபயோகமில்லாமல் ஆக்கிவிட்டார்கள். எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. சாரிட்டி கடை நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: பெட்டியைப் பிரிக்காதீர்கள். முழுசாக வைத்தால் பதினைந்து பவுண்டுக்கும் வாங்க ஆள் உண்டு. விலைச்சீட்டைக் காகித உறைமேல் ஒட்டாதீர்கள். பிளாஸ்டிக் மேல் ஒட்டுங்கள். எடுக்கும்போது அட்டைப்படத்தின் தோலையே உரித்துக்கொண்டு வருகிறது.

ஊரும் முக்கியம். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் டாக்டர்களும் நிறைய வாழும் பாத், செல்டனம், ஹாரோகேட், இசையமைப்பாளர் எல்கார் வாழ்ந்த மால்வெர்ன் பக்கமெல்லாம் கீழ்த்தட்டு கனமாக இருக்கும். பழைய பல்கலைக்கழக ஊர்களும் அப்படித்தான்.

இனி சரக்கு. எந்தக் கடைக்குப் போனாலும் கண்ணில் படும் சில சிடிகள் உண்டு. நைஜல் கென்னடி வாசித்து 1989இல் வந்த விவால்டியின் ‘ஃபோர் சீசன்ஸ்’. 1990இல் ரோமில் நம் சுபின் மேத்தா நடத்திய மூன்று டெனர்களின் (உயர்ந்த ஆண்குரல் பாடகர்களின்) கச்சேரி. டேவிட் ஜின்மன் நடத்த டான் அப்ஷா பாடி 1992இல் வந்த குரெட்ஸ்கியின் மூன்றாவது சிம்பொனி. லட்சக்கணக்கில் விற்றவை, அதனால் லட்சக்கணக்கில் திரும்பி வருகின்றன. அனுபவசாலிகள் இவற்றைத் தள்ளிவிட்டுப் போவார்கள். நான் புதியவர்களை இவற்றிலேயே தொடங்கச் சொல்கிறேன். குறிப்பாக குரெட்ஸ்கி. அடித்தொண்டையில் முனகுவது போல டபுள் பேஸ் தொடங்கி, ஒவ்வொரு வாத்தியமாக மேலே ஏறி, பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் ஆன பிறகு ஒற்றைப் பெண்குரல் நுழையும் இடத்துக்கு, ஆலாபனை கேட்டு வளர்ந்த காது பொறுமையாகக் காத்திருக்கும். அதற்கு ஐம்பது பென்ஸ்தான் விலை என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

நாக்சஸ் நிறுவனத்தின் வெள்ளை அட்டை சிடிகளைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கிளாஸ் ஹைமன் 1987இல் ஹாங்காங்கில் தொடங்கியது. பெரிய நட்சத்திரங்கள் இல்லாமல், முழு வரிசைகளைப் பதிவு செய்ததுதான் அவர்கள் பலம். பீத்தோவனின் பியானோ சொனாட்டா எல்லாவற்றையும் யேனோ யாண்டோ வாசித்திருக்கிறார், ஹேடனின் நால்வர் இசை முழுவதையும் கோடாய் குழு வாசித்திருக்கிறது. பிபிசி மியூசிக் பத்திரிகை 1992இலிருந்து இதழோடு கொடுத்த சிடிகளும் மெல்லிய உறையில் நிறையக் கிடக்கும். முதுகு மெலிந்து பெயர் தெரியாது என்பதால் யாரும் எடுப்பதில்லை. எடுங்கள், பிபிசி ஒலிபரப்பிய நேரடிக் கச்சேரிகள் அதில் உண்டு.

வயலின் பழக்கமுள்ள தமிழ்க் காதுக்கு ஒரு தனிச் சிபாரிசு. பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்திலிருந்து நம் வீட்டு வாத்தியம் அது. இளையராஜாவின் 1986ஆம் வருடத்து ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில் வி.எஸ். நரசிம்மன் வாசிக்கும் பாக் துண்டு ஞாபகம் இருக்கும். அந்தத் துண்டின் மூலப்படைப்பு, பாக்கின் தனி வயலின் படைப்புகளில் ஈ மேஜர் பார்ட்டிடாவின் (நடனத் துண்டுகளின் கோவை) முதல் பகுதி. சாரிட்டி கடையில் ஆர்தர் க்ருமியோ ஃபிலிப்ஸுக்காக 1960-61இல் வாசித்த முழுத்தொகுப்பு தட்டுப்பட்டால் விடாதீர்கள். பக்கவாத்தியமே இல்லை, தம்பூராகூட இல்லை. ஒரே வில்லில் மெட்டும் நடக்கிறது, அடியில் இன்னொரு குரலும் நடக்கிறது. இதைக் கேட்ட பிறகு அந்த 1986 தொகுப்புக்குத் திரும்பிப் போனால், ராஜா எந்த இடத்தில் எதைச் சேர்த்தார் என்பது பளிச்சென்று தெரியும்.

எல்பிக்கு வந்தால், நான் மறுபடி மறுபடி பார்ப்பதும் பார்த்தால் வேறு யாருக்காவது வாங்கிக் கொடுப்பதும் ஒன்றுதான். எல்காரின் செல்லோ கன்செர்ட்டோ, அதாவது தனி செல்லோவும் வாத்தியக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு. செல்லோ ஜாக்குலின் டு ப்ரே, கூடவே லண்டன் சிம்பொனி வாத்தியக்குழு, நடத்தியவர் ஜான் பார்பிரோலி. 1965 ஆகஸ்டில் லண்டன் கிங்ஸ்வே ஹாலில் பதிவானது. மறுபக்கம் ஜேனட் பேக்கர் பாடிய ‘சீ பிக்சர்ஸ்’. டு ப்ரேக்கு அப்போது 20 வயது. இதே கன்செர்ட்டோ 1919இல் அரங்கேறியபோது செல்லோ வரிசையில் உட்கார்ந்து வாசித்த இளைஞர்களில் பார்பிரோலியும் ஒருவர். அரங்கேற்றத்தில் வாசித்தவர் நாற்பத்தாறு வருடம் கழித்து அதை ஒரு சின்னப் பெண்ணுக்காக நடத்துகிறார். முதல் நான்கு கூட்டுஸ்வரங்களை அவள் வில்லால் இழுக்கும்போதே அரங்கத்தின் மரமும் காற்றும் கேட்கும். அந்த அரங்கத்துக்கு அடியில் பிக்காடில்லி பாதை ரயில் ஓடியது. அங்கே பதிவான பல தட்டுகளில் ஹெட்போன் வைத்துக் கேட்டால் மெல்லிய உறுமல் தெரியும். கட்டடத்தை 1998இல் இடித்துவிட்டார்கள். அந்த உறுமல் தட்டில் இருக்கிறது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை. சிடியின் அடிப்பக்கக் கீறலைப் பார்த்துப் பலர் பயப்படுவார்கள். அங்கே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாகப் பாலிகார்பனேட் இருக்கிறது. லேசான கோடுகள் ஒன்றும் செய்யாது. ஆபத்து லேபிள் பக்கம்தான். தகவல் இருக்கும் அலுமினியப் படலம் அந்தப் பக்க வார்னிஷுக்குக் கீழேதான் இருக்கிறது. தட்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். ஊசித்துளை போல வெளிச்சம் தெரிந்தால் வைத்துவிடுங்கள். நிறத்தையும் பாருங்கள். லங்காஷயர் பிளாக்பர்னில் இருந்த பி.டி.ஓ. ஆலையில் 1988 முதல் 1993 வரை அச்சான சிடிகளில் பல, உறைக் காகிதத்தின் கந்தகம் வார்னிஷில் பட்டு, வெள்ளி நிறம் போய் வெண்கல நிறமாகிவிட்டன. நடுவட்டத்தில் ‘மேட் இன் யு.கே. பை பி.டி.ஓ.’ என்றிருக்கும். ஓரத்திலிருந்து நிறம் மாறத் தொடங்கும், கடைசிப் பாட்டுதான் முதலில் கரகரக்கும். அந்த ஆலையில் அச்சானவை எல்லாமே கெட்டுவிடவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். பழைய தடித்த இரட்டைப் பெட்டிகளுக்குள் மெத்தென்று ஸ்பாஞ்ச் வைத்திருப்பார்கள். அது இற்றுப்போய்த் தட்டில் ஒட்டும். வீட்டுக்கு வந்ததும் முதலில் அதைத் தூக்கிப் போட வேண்டும்.

எல்பியை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பாருங்கள். பளபளப்பு சீராக இருந்தால் நல்லது. உள்வட்டப் பக்கம் சாம்பல் பூத்தால் தேய்ந்த ஊசியால் யாரோ உழுதிருக்கிறார்கள். நடுத்துளையைச் சுற்றி லேபிளில் கோடுகோடாகத் தடம் இருந்தால் அதிகம் ஓடிய தட்டு. தடம் இல்லாவிட்டால், வாங்கி வைத்துக் கேட்காமலே விட்டது. லேபிளைச் சுற்றியுள்ள வழவழப்பான வட்டத்தில் கீறியிருக்கும் எழுத்துகளைப் படிக்கப் பழகினால் அது தனிச் சுகம். டெக்கா நிறுவனம் அச்சு எண்ணை நேராக எழுதாமல் ‘பக்கிங்ஹாம்’ என்ற சொல்லின் பத்து எழுத்துகளில் எழுதியது. பி என்றால் 1, யு என்றால் 2, சி என்றால் 3. இன்னொரு நிறுவனமான ஈஎம்ஐக்கும் ‘கிராமபோன்’ பெயரில் இதே மாதிரி ஒன்று. ஜி 1, ஆர் 2, ஏ 3. ஒற்றை எழுத்து மட்டும் இருந்தால் ஆரம்ப அச்சுகளில் ஒன்று. இதை வைத்துப் பணக்காரராகலாம் என்று சொல்லவில்லை. கொலம்பியா நிறுவனத்தின் 1950களின் கடைசி, 60களின் தொடக்க ஸ்டீரியோ வரிசை போலச் சிலதுதான் நூற்றுக்கணக்கில் விலை போகும். அவை கீழ்த்தட்டுக்கு வருவது அபூர்வம். ஆனால் கையில் இருப்பது எப்போது, எந்த வரிசையில் பிறந்தது என்று தெரிந்து கேட்பது நன்றாக இருக்கிறது.

கழுவ காய்ச்சி வடித்த தண்ணீரில் கொஞ்சம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போதும். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகளில் மட்டும் அதை விடாதீர்கள், அவற்றின் ஷெல்லாக் (அரக்கு) கரைந்துவிடும்.

கர்நாடக இசை கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: லண்டனில் நம் ஆட்கள் நிறைய வாழும் ஹாரோ, வெம்பிளி, ஈஸ்ட் ஹாம் பக்கம் கிடைக்கும் என்று நினைத்துத்தான் நானும் தேடினேன். அங்கெல்லாம் புடவையும் பித்தளை விளக்கும் கிடைக்கின்றன, இசைத்தட்டு கிடைப்பதில்லை. நம் ஆட்கள் இசைத்தட்டைக் கடைக்குக் கொடுப்பதில்லை. பரணில் வைத்திருப்பார்கள், இல்லை குப்பையில் போட்டுவிடுவார்கள். எனக்குக் கிடைத்தது ஆக்ஸ்ஃபர்டில். நான்சச் நிறுவனம் தன் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் 1968இல் வெளியிட்ட ராம்நாட் கிருஷ்ணனின் ‘வித்வான்’. சிதார் ரவிசங்கரும் வயலின் மெனுஹினும் சேர்ந்து வாசித்த தட்டுக்கு அடுத்ததாகச் சொருகியிருந்தது. அதன் பின்னட்டையிலும் பென்சில் குறிப்பு. ஒரு பாட்டின் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டுக் கீழே கோடு இழுத்திருந்தார், அந்தப் பெயர் தெரியாத வெள்ளைக்காரரோ வெள்ளைக்காரியோ. கிருஷ்ணனின் அந்த மெத்தென்ற சௌக்க காலத்தைத் தனியாகக் கேட்டு, இதுதான் என்று கோடு போட்டிருக்கிறார். வழிகாட்ட ஒருவரும் இல்லாமல் சரியான பாட்டைக் கண்டுபிடித்திருக்கிறார்.

கேட்க ஒரு பெட்டி வேண்டுமே என்பவர்கள் பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷனின் பெரிய கடைகளுக்குப் போகலாம். மின்சாதனங்களைப் பரிசோதித்து விற்கிறார்கள். மற்ற சாரிட்டி கடைகள் பலவற்றில் மின்சாதனம் வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. பழைய சிடி பிளேயர் வாங்கினால் தட்டு உள்ளே போய் வெளியே வரும் இழுப்பறையை நான்கைந்து தடவை திறந்து மூடிப் பாருங்கள். முதலில் போவது அதன் ரப்பர் வார்தான்.

வீட்டில் பெரியவர்களின் இசைத்தட்டுகளை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒன்று. தமிழ்த் தட்டோ ஜெர்மன் தட்டோ, பை பையாகப் பிரித்துப் பல கடைக்குக் கொடுக்காதீர்கள். ஒரே கடையைத் தேர்ந்தெடுத்து, முன்னதாகப் போய் இசைத்தட்டைப் பார்த்துக்கொள்பவர் என்றைக்கு வருவார் என்று கேட்டு, அன்றைக்குக் கொண்டுபோங்கள். எல்பியைப் படுக்க வைத்து அடுக்காதீர்கள், நெட்டுக்கு நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் கச்சேரி டிக்கெட், பத்திரிகைத் துண்டு, பென்சில் குறிப்பு எதையும் எடுக்காதீர்கள். பெட்டிமேல் பெரிய எழுத்தில் ‘கிளாசிக்கல், ஒரே வீடு’ என்று எழுதி ஒட்டுங்கள். கிஃப்ட் எய்ட் படிவம் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போடுங்கள். நீங்கள் இங்கே வருமான வரி கட்டுகிறவராக இருந்தால், விற்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து இன்னொரு 25 பென்ஸ் அந்த ஹாஸ்பிஸுக்குப் போகும்.